ஜினோவியா ஆகிய மூவர்

மால்டோவாவின் தென்கோடியில் வாழ்ந்த சமூகப் பணியாளர் ஜினோவியா, அரசு ஆவணங்களின்படி, ஓர் அரை ஆளும் இரண்டு கால் ஆட்களும் ஆவார். பெரேனி கிராமத்தில் அவருக்கு அரைப் பதவி. ஸ்தேஜாரில் கால் பதவி, ரக்கீத்தாவில் இன்னொரு கால். கூட்டிப் பார்த்தால் ஒரு முழு மனுஷி வந்துவிடுவாள் என்ற நம்பிக்கையில் பதினாறு வருஷம் ஓட்டியிருந்தார். கால் பதவிக்கு அரசு வண்டி கிடையாது. அதனால் கால் பதவிகள் இரண்டையும் அவர் காலாலேயே பார்த்துவந்தார்.

அந்த அக்டோபரில் அவர் மனசெல்லாம் ரக்கீத்தாவின் ஒன்பது வயது இலிங்காமேல்தான் இருந்தது. இலிங்காவின் அம்மா இத்தாலியில் யாரோ ஒரு கிழவியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அப்பா கட்டட வேலைக்கு ரஷ்யா போனவர், திரும்பும் வழியை மறந்துவிட்டார். பக்கத்து வீட்டு ப்ரொஃபீராதான் இரண்டு வருஷமாகச் சோறு போட்டு, சடை பின்னி, பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். ஆனால் ப்ரொஃபீராவிடம் காப்பாளர் சான்று இல்லை; மாவட்டத்தில் அதற்கான படிவம் தீர்ந்துபோய் இரண்டு வருஷம். சான்று இல்லாத பிள்ளைகளை நவம்பர் முதல் வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி பஸ் மாவட்ட விடுதிக்கு ஏற்றிச் சென்றுவிடும். விடுதியிலிருந்து திரும்பி வரும் பஸ்ஸைப் பற்றி எந்த ஆவணத்திலும் தகவல் இல்லை.

இந்த நிலையில்தான் தலைநகரிலிருந்து 'குழந்தைப் பாதுகாப்புப் பணியாளர் படையை வலுப்படுத்தும் தேசியத் திட்டம்' ஒரு வெள்ளைக் காரில் வந்து இறங்கியது. அதன் ஒருங்கிணைப்பாளர் வலேரியான் துர்தா மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, பெரேனி மேயர் அறையில் படையைக் கணக்கெடுத்தார்.

"உங்க ஊர்ல எத்தனை பணியாளர்?"

"அரை," என்றார் மேயர் ஸ்பிரிதோன் கசாக்கு.

துர்தா தட்டினார். கணினி சிவப்பாகக் கத்தியது. "பின்னத்தை ஏத்துக்க மாட்டேங்குது. மனுஷன்னா முழுசாத்தானே இருக்கணும், மேயர் ஐயா?"

"நியாயம்தான்."

"அப்ப அரையை ஒண்ணாக்கிடலாம். ஒரு ஆளுக்கு ஒரு நாற்காலி, ஒரு குடை, ஒரு தோள்பை. திட்டத்துலயே வருது."

"குடையா? நல்லா முழுசாவே ஆக்கிடுங்க," என்று மேயர் கையெழுத்தைப் போட்டார். மற்ற இரண்டு ஊர் மேயர்களும் குடை என்றதும் தங்கள் கால் ஆளை ஒன்றாக்கினார்கள். அன்று மாலைக்குள் ஜினோவியா மூன்று பேராகிவிட்டார்; சம்பளம் மட்டும் பழைய அரையும் கால்களுமாகவே இருந்தது. ஒரே நாளில் படை மும்மடங்கு வலுப்பெற்றது நாட்டிலேயே முதல் முறை என்று துர்தா தலைநகருக்கு எழுதினார்.

அடுத்த வாரம் வலுப்படுத்தும் பயிற்சி. ஜினோவியாவுக்கு மூன்று நாற்காலி, மூன்று பெயர் அட்டை. நடு நாற்காலியில் உட்கார்ந்தார். குழு விவாதத்தின்போது அவரை அவரோடு விவாதிக்கச் சொன்னார்கள்.

"ஐயா, ஒரு சந்தேகம்," என்று எழுந்தார். "ரக்கீத்தாவுல இலிங்கான்னு ஒரு குழந்தை. வெள்ளிக்கிழமைக்குள்ள சான்று..."

"அம்மா, குழந்தை நாலாவது நாள் வருது," என்றார் துர்தா கனிவாக. "முதல் நாள் தொலைநோக்கு. ரெண்டாவது நாள் கட்டமைப்பு. மூணாவது நாள் அறிக்கை எழுதறது."

"பயிற்சியே மூணு நாள்தானே?"

"ஆமா. நாலாவது நாளுக்கு அடுத்த வருஷம் ஏற்பாடு பண்ணியிருக்கோம்."

மூன்றாம் நாள் ஒருவழியாகச் சான்றுப் படிவம் வந்தது, கூடவே ஒரு புதிய விதியும். காப்பாளர் சான்றில் இனி ஒருவர் கையெழுத்து போதாது. படைதான் வலுத்துவிட்டதே, மூன்று பணியாளர்கள் கூடிப் பேசி, மூவரும் ஒப்பமிட வேண்டும். மாவட்டத்தின் மற்ற பணியாளர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். ஊருக்கு ஊர் ஒரு நாள் நடை; மூன்று பேரை ஒரே வீட்டில் எப்படிக் கூட்டுவார்கள்? ஜினோவியா மட்டும் தம் மூன்று பெயர் அட்டைகளையும் பத்திரமாகத் தோள்பையில் போட்டுக்கொண்டார். மூன்று தோள்பையில்.

வியாழக்கிழமை ரக்கீத்தாவுக்கு நடந்தார். ப்ரொஃபீராவின் அடுப்பில் பாலாடைக்கட்டி அப்பம் பொன்னிறமாகிக்கொண்டிருந்தது.

"வாங்கக்கா. மத்த ரெண்டு பேரும் எங்க?" ப்ரொஃபீரா அவர் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"வந்தாச்சு. மூணு நாற்காலி போடு."

முதல் நாற்காலியில் உட்கார்ந்து, பெரேனியின் ஜினோவியா கேட்டார்: "வீடு கதகதப்பா இருக்கா?" எழுந்து இரண்டாவது நாற்காலிக்குப் போய், ஸ்தேஜாரின் ஜினோவியா பதில் சொன்னார்: "வேர்த்து ஊத்துது. அடுத்த கேள்வியைக் கேளுங்க." மூன்றாவதற்கு மாறியதும் ரக்கீத்தாவின் ஜினோவியா தொண்டையைச் செருமினார்: "குழந்தை என்ன சொல்லுது?"

இலிங்கா வாய் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். "இங்கயே இருக்கேன் அத்தை. ஆனா நீங்க மூணு பேர்ல யாருக்குப் பசிக்குது?"

"மூணு பேருக்கும்," என்றார் ஜினோவியா. மூன்று அப்பம் தின்றார். பிறகு நீலப் பேனாவில் ஒன்று, கறுப்புப் பேனாவில் ஒன்று, இடக்கையால் ஒன்று என மூன்று கையெழுத்து. வெள்ளிக்கிழமை எட்டு மணி பஸ், ப்ரொஃபீரா வீட்டு வாசலில் ஒரு முறை ஹாரன் அடித்து, சான்றைப் பார்த்து, காலியாகப் போனது.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் வெற்றி என்று ஒன்று வந்துவிட்டால் அதை ஆய்வு செய்யாமல் தலைநகருக்குத் தூக்கம் வராது. மூன்று சின்ன ஊர்களுக்கு மூன்று முழுப் பணியாளர்களா என்று யாரோ கணக்குப் பார்த்துத் திடுக்கிட்டார்கள். ஜனவரியில் ஒரே உறையில் மூன்று கடிதம் வந்தது. 'மிகையான மூவரில் இருவர் குறைக்கப்படுகிறார்கள். எவர் என்பதைத் தாங்கள் மூவரும் கலந்து பேசி, மனக்கசப்பு இன்றி முடிவெடுக்கவும்.'

ஜினோவியா கலந்து பேசினார். இலிங்காவின் சான்றை மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரக்கீத்தாவின் பணியாளர் புதுப்பிக்க வேண்டும்; அதற்கு அவர் ஒருவர் கையெழுத்தே போதும். ஆகவே ரக்கீத்தாவின் கால் இருக்கட்டும் என்று, பெரேனியின் அரையையும் ஸ்தேஜாரின் காலையும் மனக்கசப்பு இன்றி வீட்டுக்கு அனுப்பினார். மீதி முக்கால் நேரத்துக்கு ரொட்டிக்கடையில் வேலை பார்த்தார்.

பெரேனியில் பணியாளர் இல்லாததால் அங்கிருந்து புகார் எழுத ஆளில்லை. புகார் வராததால், 'பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தை ஒன்றுகூட இல்லாத முன்மாதிரிக் கிராமம்' என்று பெரேனிக்கு விருது வந்தது. மேயர் அதைக் கண்ணாடி போட்டு மாட்டினார்.

அடுத்த நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, அதே மேயர் சேறு மிதித்து ரக்கீத்தாவுக்கு வந்தார். கையில் திட்டம் கொடுத்த குடை.

"ஜினோவியா, மகனும் மருமகளும் இத்தாலிக்குப் போய்ட்டாங்கம்மா. பேத்தி ரெண்டும் எங்கிட்டதான் இருக்கு. விடுதிப் பட்டியல்ல பேர் வந்திருச்சு. காப்பாளர் சான்று வேணும்."

"இதோ." ஜினோவியா உடனே ஒரு கையெழுத்துப் போட்டார். "இன்னும் ரெண்டு பேர் போடணும்."

"போன வருஷம் நீயே மூணு பேரா இருந்தியே!"

"குறைச்சுட்டாங்களே ஐயா. போன ரெண்டு பேர்ல ஒருத்தி உங்க ஊர்க்காரி."

"பக்கத்து மாவட்டத்துல கேட்டா?"

"வேற ஒரு குழந்தைக்காகக் கேட்டேன். அங்கயும் போன வருஷம் எல்லாரையும் முழுசாக்கி, இந்த வருஷம் குறைச்சுட்டாங்களாம். நம்ம மாவட்டத்துல மிச்சம் இருக்கறவங்க நடந்து வர்றதுக்குள்ள நாளைக்கு பஸ் போயிடும்."

மேயர் குடையைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினார். சட்டென்று முகம் மலர்ந்தது. "அட, எங்க ஊர்ல அப்படிக் குழந்தையே இல்லைன்னு அரசாங்கமே விருது கொடுத்திருக்கே! அப்புறம் யாரைக் கூட்டிட்டுப் போவாங்க?"

"அது விருது கம்ப்யூட்டர் ஐயா. விடுதி கம்ப்யூட்டர் வேற. அதுல பேத்தி ரெண்டும் முழுசா இருக்கு."

வெளியே மழை பிடித்தது. மேயர் குடையை விரித்தார். கம்பி ஒரு பக்கமாகத் தொங்கியது. வாசல்வரை போனவர் திரும்பாமலே கேட்டார்:

"அந்த பஸ்... நேரத்துக்கு வருமா?"

"எட்டு மணிக்கு," என்றார் ஜினோவியா. "அதை மட்டும் இதுவரை யாரும் வலுப்படுத்தலை ஐயா. சரியா வந்துடும்."