தீக்கு வைத்த தண்ணீரை நான் கொட்டிய கதை

புது வேலையில் சேர்ந்த முதல் வாரம் யாரிடமும் அதிகாரத்தைக் கொடுக்கக் கூடாது. டார்ச் லைட்டை மட்டும் கொடுத்தால் போதும். எனக்கு இரண்டையும் கொடுத்துவிட்டார்கள்.

விருதுநகர்க்காரனான நான், தாயில்பட்டிப் பக்கம் சுகாதார ஆய்வாளராகச் சேர்ந்த ஐந்தாம் நாள். டெங்கு சீசன். தீபாவளி சீசனும் அதுதான். ஒரு பட்டாசுக் கம்பெனிக்குள் நுழைந்தேன். ஒவ்வொரு அறை வாசலிலும் பாதியாக அறுத்த பிளாஸ்டிக் டிரம், நிறையத் தண்ணீர். டார்ச் அடித்தால், உள்ளே கொசுப்புழுக்கள் நெளிந்தன. (எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, புதையல் எடுத்தவன் தோற்றான்.)

"எல்லாத்தையும் கொட்டுங்க!"

போர்மேன் முத்துராஜ் அண்ணன் பதறிவிட்டார். "சார், தீப்பிடிச்சா அணைக்க வச்சிருக்க தண்ணி அது. கொட்டாதீக."

"தீ என்னைக்கோ வரும். டெங்கு நாளைக்கே வரும்!" என்றேன். (வீட்டில் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த வசனம் இல்லை, சத்தியமாக.) யாரும் அசையவில்லை. பன்னிரண்டு டிரம்மையும் நானே கவிழ்த்தேன்.

கையை உதறும்போது அண்ணனுக்குப் போன். பக்கத்துக் கம்பெனிக்குப் பாதுகாப்பு அதிகாரி வந்திருக்கிறார், அடுத்து இங்கேதான். டிரம் காலியாக இருந்தால் கம்பெனியைப் பூட்டிவிடுவார்; தீபாவளி நேரத்தில் முப்பது பெண்களுக்கு வேலை போய்விடும். குழாயில் தண்ணீர் வருவதோ எட்டு நாளைக்கு ஒருமுறை. கவிழ்த்த டிரம்களை அவசர அவசரமாக நிமிர்த்தி வைத்தேன்.

அங்கே வேலை பார்க்கும் மாரியம்மா அக்காதான் முதலில் சுதாரித்தார். "பின்னாடி தோட்டத்துல மோட்டார் ஓடுது. ஆளுக்கொரு குடத்தை எடுங்கடி!" என்றவர் என்னைப் பார்த்து நின்றார். "கொட்டுனது யாரு? சார்தானே? பெரிய குடமாப் பார்த்து அவுக கையில குடுங்கடி!"

பேண்டை மடித்துவிட்டு ஓடினேன், ஓடினேன், அப்படி ஓடினேன். தலையில் வைத்தால் கண்ணுக்குள் தண்ணீர், தோளில் வைத்தால் சட்டைக்குள் தண்ணீர். கடைசியில் இடுப்பில் வைத்துக்கொண்டு வரும்போது ஜீப் வந்து நின்றது.

அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க யாரு?"

"ஹெல்த் இன்ஸ்பெக்டர் சார்."

"குடத்தோடயா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாரியம்மா அக்கா முந்திக்கொண்டார். "தண்ணி ஆய்வு சார். எம்புட்டு கனம்னு பாக்காக."

அதிகாரி ஒவ்வொரு டிரம்மாக எட்டிப் பார்த்தார். கடைசி டிரம் பாதிதான் இருந்தது. என் உயிரும் பாதிதான் இருந்தது. இடுப்புக் குடத்தை அதில் கவிழ்த்தேன். தளும்பியது.

"இந்த சீசன்ல இவ்வளவு சுத்தமான தண்ணியை இங்கதான் பாக்கேன்," என்று எழுதிக்கொண்டு போனார்.

முகம் துடைக்கத் துண்டு தேடிப் பையைத் திறந்தேன். ஒரு பாட்டில் உருண்டு விழுந்தது.

"இது என்ன சார்?" என்றார் அக்கா.

"கொசுப்புழு மருந்து."

"தண்ணியில ஊத்துறதா?"

"ஆமா."

"அப்ப கொட்டவே வேண்டாமா?"

பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே முதல் டிரம்மை நோக்கி நடந்தேன். அதற்குப் பிறகு வாராவாரம் நானே போய் அந்த டிரம்களில் மருந்து ஊற்றினேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்தக் கம்பெனியிலிருந்து பட்டாசுப் பெட்டி வருகிறது, கூடவே ஒரு பிளாஸ்டிக் குடமும். அந்தக் குடத்தால் வீட்டில் எல்லோருக்கும் இந்தக் கதை மனப்பாடம்.

போன மாதம் மாமனார் வீட்டு விருந்தில் சாம்பார் வாளியைத் தட்டிவிட்டேன். மனைவி, மச்சினன், ஏழாவது படிக்கும் என் மகள், மூவரும் ஒரே குரலில் கத்தினார்கள்: "பெரிய குடமாப் பார்த்து அவுக கையில குடுங்கடி!"

எழுந்துபோய்த் தரை துடைக்கும் துணியை எடுத்தேன்.