எட்டாம் வளையப் பெரும்போர்

லிங்கராஜபுரம் ஈன்ற வீரத்திருமகளே, இரண்டு பஸ் மாறி மூன்றாவதில் நின்றபடியே வந்திறங்கும் தளராத் தாளினளே, சரித்திரப் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டுக் கொழுந்தே, கழுத்தில் ‘இன்டர்ன்’ என்னும் அட்டையை வெற்றிமாலையெனத் தாங்கிய கேரல் என்னும் நாமத்தாளே, வாழ்க நின் கொற்றம். அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழையோடு நீ பொருத அந்தக் காலைப்பொழுதைப் பாடாமல் இந்த நாக்கு வேறு எதைப் பாடும்?

போருக்குக் காரணம் பொன்னன்று, மண்ணன்று, ஒரு கோடுபளே. முறுக்குக்குக் கன்னட நாட்டில் பிறந்த தங்கை அது. அரிசிமாவும் ரவையும் மிளகாய்ப்பொடியும் பெருங்காயமும் கலந்து பிசைந்து, வளையலாய் வளைத்து, எண்ணெயில் செம்மை ஏறுமட்டும் பொரித்தெடுத்த மொறுமொறுப்பின் முடிமணி. முந்தின நாள் சாயங்காலம், மறுநாள் திறக்கவிருந்த புதுக் கூடத்திலே, மண்ணுக்கடியில் நெடுந்துயில் கொண்டு எழுந்த ஏழு சுடுமண் வளையங்களைக் கறுப்பு வெல்வெட்டின்மேல் அணிவகுத்துக்கொண்டிருந்தாள் கேரல். மத்தியானம் சாப்பிடவில்லை. வயிறு போர்முரசு கொட்டியது. கையுறையைக் கழற்றினாள், பையிலிருந்து கோடுபளே ஒன்றை எடுத்தாள். அதற்கும் வாய்க்கும் ஒரு சாண் தூரம் இருக்கையில் மாடிப்படியில் மௌரீன் மேடத்தின் செருப்புச் சத்தம் கேட்டது.

அந்த மாளிகையில் தாமதமாக வந்தால் மன்னிப்பார்கள். நூற்றாண்டை மாற்றிச் சொன்னாலும் மன்னிப்பார்கள். கூடத்துக்குள் தின்பண்டம் கொண்டுவந்தவர்க்கு மட்டும் மன்னிப்பு கிடையாது. உடனே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இன்டர்ன்ஷிப் முடித்த கடிதம் கிடைக்காது. கடிதம் இல்லையேல் கல்லூரியில் மார்க் இல்லை. மார்க் இல்லையேல் மறுபடி ஒரு வருஷம் அதே பெஞ்சு. ஆகவே அவள் கை, தன்னை அறியாமலே, கோடுபளேயை ஏழாம் வளையத்துக்குப் பக்கத்தில் எட்டாவதாக வைத்துவிட்டது.

“முடிஞ்சுதா? மூடிடலாமா?” என்றார் மௌரீன். பின்னாலேயே நாகேஷ் சாரும் வந்தார்.

பேழைக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி பதிவாளர் மௌரீனிடம், மற்றது காப்பாட்சியர் நாகேஷிடம். இருவரும் சேர்ந்து வந்தாலொழிய மூடாது, திறவாது. அது அந்த இடத்துத் தொல்மரபு. பூட்டிய கையோடு ‘உள்ளிருப்பவை சரிபார்க்கப்பட்டன’ என்று அச்சடித்த காகிதப் பட்டையில் இருவரும் கையெழுத்திட்டுப் பூட்டுகளின்மேல் ஒட்டினார்கள். உள்ளே யார் பார்த்தது? ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருப்பதற்கே அவர்களுக்குக் கண் போதவில்லை. ஃபேனுக்கு நேர்கீழே இருக்கும் மேசை யாருக்கு என்ற மாபெரும் வழக்கில் பேச்சு முறிந்து ஒரு கோடைக்காலமே ஓடியிருந்தது.

பொழுது புலர்ந்தது. அன்றுதான் இன்டர்ன்ஷிப்பின் கடைசி நாள். பதினோரு மணிக்குச் சிறப்பு விருந்தினர் வருகை. கேரல் கூடத்துக்குள் கால் வைத்தபோது, அந்தோ, சன்னல் விளிம்பில் தொடங்கி, சுவரில் இறங்கி, தரையைக் கடந்து, பேழையின் காலில் ஏறி, கருங்கடல் பொங்கி வந்தாற்போல் வந்துகொண்டிருந்தது எறும்புச் சேனை. கண்ணாடிக் கோட்டையை முற்றுகையிட்டு, வாயில் எங்கே வாயில் எங்கே என்று வலம் வந்தன அதன் முன்னணிப் படைகள். துப்பட்டாவை வாளெனச் சுழற்றினாள் கேரல். முன்னணி சிதறியது, பின்னணி முன்னணி ஆயிற்று.

சக இன்டர்ன் கிஷோர் வந்து கண்ணாடியில் மூக்கை வைத்தான்.

“லேபிள்ல ஏழுன்னு இருக்கு. உள்ள எட்டு இருக்கே?”

“கத்தாதடா.”

“ஏய், நேத்து எனக்கு ஒண்ணு குடுத்தியே, அதுதானே? எந்த வம்சத்துக் கோடுபளேம்மா இது?”

“எறும்பைத் துரத்து. நான் சாவிக்குப் போறேன்.”

மாடிக்குத் தூது சென்றாள் மங்கை. “மேம், லேபிள் கோணலா இருக்கு. ஒரு நிமிஷம் திறக்கணும்.”

“அந்த மனுஷன் முதல்ல வந்து நிக்கட்டும். அப்புறம் என்னைக் கூப்பிடு” என்று ஆணை பிறந்தது.

கீழே ஓடினாள். “மேடம் பர்லி” என்று கன்னடத்தில் தொடங்கி, “வந்து நிக்கட்டும், அப்புறம் நான் வர்றேன்” என்று தமிழில் முடித்தார் நாகேஷ். காத்து நிற்பவர் தாழ்ந்தவர், கடைசியில் வருபவர் வேந்தர்; இந்த நீதியில் இருவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. மேலே, கீழே, மேலே, கீழே என்று அலைகடல் துரும்பாய் ஏறி இறங்கிய கேரல், நடுப்படியில் மூச்சு வாங்க நின்றபோது, அவள் நெஞ்சில் ராஜதந்திரம் உதித்தது.

“மேம், சார் வந்து ரொம்ப நேரமா நிக்கிறார்.”

“சார், மேடம் வந்தாச்சு. கால் வலிக்குதுங்கறாங்க.”

அடுத்தவர் காத்துக் கிடக்கும் காட்சியைக் கண்குளிரக் காண, மேல்திசையிலிருந்து ஒரு வேழமும் கீழ்த்திசையிலிருந்து ஒரு வேழமும் புறப்பட்டு, கூடத்து வாசலில் நேருக்கு நேர் சந்தித்தன. இரு முகத்திலும் மலர்ந்திருந்த புன்னகை அங்கேயே உறைந்தது. திரும்பிப் போக வழியில்லை. பட்டை கிழிந்தது, பூட்டுகள் கழன்றன, கண்ணாடி எழுந்தது. ஓரிரவு அடைபட்டிருந்த பெருங்காய மணம் குபீரென்று கிளம்பி அரங்கம் முழுவதையும் ஆட்கொண்டது.

நாகேஷ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். “யார் வேலை இது?”

ஓடி ஒளியவில்லை கேரல். “என் வேலைதான் சார். நேத்து பசிச்சுது.”

“பையை எடுத்துட்டுக் கிளம்பு” என்றார் மௌரீன். “லெட்டர் கிட்டர் எதுவும் கேட்டு வராதே.”

வீழ்ந்தாள் வீராங்கனை என்று விண்ணோர் கண்பொத்திய வேளை, நாகேஷின் பார்வை கையிலிருந்த கிழிந்த பட்டையில் விழுந்தது.

“மேடம்” என்றார். ஒரு கோடைக்காலத்துக்குப் பின் அவர் வாயில் வந்த முதல் அழைப்பு. “சரிபார்த்தோம்னு கையெழுத்து நம்ம ரெண்டு பேருது.”

மௌரீன் பட்டையைப் பார்த்தார். கோடுபளேயைப் பார்த்தார். அப்போது வாசலுக்கு ஓடிப்போய் எட்டிப் பார்த்த கிஷோர், “வந்துட்டாங்க, படி ஏர்றாங்க” என்றான்.

“டஸ்ட்பின்ல போடுங்க, சீக்கிரம்.”

“கூடத்துக்குள்ள டஸ்ட்பின் வைக்கக்கூடாதுன்னு நீங்கதானே ஆர்டர் போட்டீங்க.”

“உங்க சட்டைப் பாக்கெட்ல போட்டுக்கோங்க.”

“வெள்ளைச் சட்டை மேடம், எண்ணெய் தெரியும்.”

வரலாறு ஒரு கணம் மூச்சை அடக்கி நின்றது. மௌரீன் கைநீட்டி, எட்டாம் வளையத்தை எடுத்து, படீர் படீரென நான்காய் ஒடித்து, ஆளுக்கொன்று கொடுத்தார். பேழை பூட்டப்பட்டது. கிஷோரின் செருப்புக்கடியில் எறும்புச் சேனையின் எச்சம் மறைந்தது. பரிவாரம் சூழ விருந்தினர் நுழைந்தபோது, கைகட்டி, வாய்மூடி, கன்னம் சற்றே உப்பி, நாற்றிசைக் காவலர்போல் நால்வரும் நின்றிருந்தனர்.

“இந்த ஏழும் ஒரே இடத்துல கிடைச்சுதா?” என்று வினவினார் விருந்தினர்.

நால்வரும் தலையசைத்தார்கள்.

“எவ்வளவு பழசு?”

நாகேஷ் கண்ணை மூடி, சொல்லுக்கு அடங்காத தொன்மையைக் குறிப்பதுபோல் கையை விரித்தார். “பழங்காலத்து மேல எப்பேர்ப்பட்ட மரியாதை” என்று நெகிழ்ந்து நகர்ந்தார் விருந்தினர். கடைசியில் நகர்ந்த மௌரீன், மென்றதை விழுங்கிவிட்டு, கேரலின் பக்கம் குனிந்து, “சாயங்காலம் வந்து லெட்டரை வாங்கிக்கோ” என்றார்.

கோடுபளே கொஞ்சம் நமுத்துப் போயிருந்தது.