மாஸ்கோ சார் பேசிய ரஷ்யன்

ஆரணிக்குப் பட்டுப் புடவை எடுக்க ஊர் உலகமே வரும். சோவியத் நாட்டின் கடைசிக் காலத்தை ஆராய அங்கே வந்து அறை எடுத்தவர், எனக்குத் தெரிந்து, மாஸ்கோ சார் ஒருவர்தான்.

வெம்பாக்கத்துக்காரர். ஆரணியில் ஒரு கல்லூரியில் சரித்திர ஆசிரியர். தொண்ணூறுகளின் நடுவில், நான் வேலை பார்த்த பட்டுக்கடையின் மாடியில் நானும் அவரும் ஒரே அறை. "அந்த நாடு ஏன் சார் உடைஞ்சிது?" என்று கேட்டால் சண்டைக்கு வருவார்.

"எல்லாரும் அதையே கேட்டுகினு இருக்காங்க! உடையறதுக்கு முன்னால ஜனங்க எப்படி இருந்தாங்க? வூட்ல இன்னா பேசிகினாங்க? அத எவன் கேட்டான்?"

மாஸ்கோ ரேடியோவில் செய்தி கேட்டே ரஷ்யன் கற்றவர்; பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். பல் துலக்கும்போதுகூட கோதுமை விளைச்சலை அறிவிப்பார். அவருடைய டாக்டர் பட்ட ஆய்வு வழிகாட்டியோ, "அரசாங்க ஆவணம் எங்கே?" என்று அவர் எழுதிய அத்தியாயத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். மனிதர் சாப்பாட்டைக்கூட மறந்து படுத்துவிட்டார்.

அந்த வாரம்தான் கடைக்கு ஒரு ரஷ்ய அம்மாள் வந்தார். நான் மாடிக்கு ஓடினேன்.

"சார், ஜல்தி வாங்க! ரஷ்யாக்காரம்மா வந்துகீறாங்க!"

ஒரு கன்னத்தில் சவர நுரையோடு பாய்ந்து வந்தவர், விறைப்பாக நின்று ரஷ்யனில் முழங்கினார். அந்த அம்மாள் திகைத்தார். அப்புறம் புடவைக் குவியல்மேல் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"இன்னா சார் சொன்னீங்க?" முதலாளி அலறினார். "வியாபாரம் பேஜாரா பூடும்!"

"'மதிப்பிற்குரிய தோழியே, உழைக்கும் மக்கள் சார்பில் வணக்கம்'னேன். டிவி பொட்டி பேசற மாதிரி பேசறேனாம். வூட்ல ஒருத்தரும் அப்படிப் பேசினதே இல்லியாம்!" சட்டென்று அவர் கண்கள் விரிந்தன. "யோவ்! மேடைக்கு ஒரு பாஷை, சமையல்கட்டுக்கு ஒரு பாஷை! இதான்யா நான் தேடிகினு இருந்தது!"

அப்புறம் கேள்வி மேல் கேள்வி. அந்த அம்மாள் கட்சிக் கூட்டத்தில் எல்லாத் தீர்மானத்துக்கும் கை தூக்கிவிட்டு, மேசைக்கடியில் கதைப்புத்தகம் படித்தாராம். யாரும் ஒட்டுக்கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அவருடைய அப்பா தலைவர்களைக் கிண்டல் செய்வாராம். பூட்ஸ் வாங்க வரிசையில் நின்றபோது முன்னால் நின்றவர்மேல் காதல் வந்ததாம்.

டீ வரவழைத்த முதலாளிக்கே பொறுக்கவில்லை. "அந்த ஆளையே கட்டிகினாங்களான்னு கேளுங்க சார்!"

கட்டிக்கொண்டாராம். பூட்ஸ்தான் கிடைக்கவில்லையாம்.

புடவையும் விற்றது. ஆனால் மாஸ்கோ சார் அதோடு விடவில்லை. "ஒருத்தங்க ஞாபகம் பத்தாது, பல பேரு சொல்லணும்" என்று அந்த அம்மாளின் சிநேகிதர்களுக்கெல்லாம் எழுதிக் கேட்டார். வந்த நினைவுகளைப் பழைய பத்திரிகைகளோடு ஒப்பிட்டார். அத்தியாயத்தைப் புதிதாக எழுதினார். இந்த முறை வழிகாட்டி திருப்பி அனுப்பவில்லை.

இரண்டாயிரம் பிறந்த பிறகு, சென்னையில் அவருக்கு வாய்மொழித் தேர்வு. முதலாளி கடையைச் சாத்திவிட்டு என்னையும் கூட்டிப்போனார். மாஸ்கோ சார் பேசியதில் பாதி எனக்கு விளங்கவில்லை. டாக்டர் பட்டம் என்று அறிவித்ததும் அந்த மண்டபத்தில் முதலில் எழுந்து கைதட்டியவன் நான்தான். உட்கார மறந்தவனும் நான்தான்.