கிற்றாரின் தாய்வழி

"கேட்டால் சொல்லு, கேளாட்டி…" என்று பெரியப்பா ஒரு வசனம் சொல்லுவார். கேளாட்டி என்ன செய்ய வேண்டும் என்பது எனக்கு ஞாபகமில்லை. முப்பது வருடத்துக்குக் கிட்ட நோர்வேயில் இருந்துவிட்டு வந்தவனிடம் முதல் பாதியாவது மிஞ்சியிருக்கிறதே என்று ஊரார் திருப்திப்பட வேண்டும்.

ஆரோ பாவித்துக் கழித்த மின்கிற்றார் ஒன்றை நான் வாங்கினேன். ஓட்டமாவடியில் றம்ஸீனின் கடையில், கட்டாரிலிருந்து வந்திறங்கிய பழைய சாமான்களுக்குள், ஒரு சலவை இயந்திரத்துக்கும் குழந்தைத் தொட்டிலுக்கும் நடுவில் அது சாய்ந்திருந்தது. உடம்பெல்லாம் கறுப்புப் பெயின்ற். தலையில் கம்பனிப் பெயர் இருக்க வேண்டிய இடமும் கறுப்பு. என்ன மொடல் என்று கேட்டேன். "கிற்றார் அண்ணன்" என்றார் றம்ஸீன். என்ன மரம் என்று கேட்டேன். "மரம்தான் அண்ணன்" என்றார்.

இவ்வளவு சரியான விடைகளோடு நான் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் நான் இரண்டு மொழியில் படித்தவன். ஒரு மொழியில் தெரியாததை மற்ற மொழியில் பிழையாகத் தெரிந்துகொள்ளும் வசதி எனக்கு உண்டு. மின்கிற்றாரின் ஓசை கம்பிக்குக் கீழே இருக்கும் காந்தத்தில் பிறக்கிறது. ஆனாலும் மரத்தின் பெயரைச் சொல்லாதவன் ரசிகனே அல்ல என்பது இப்போதைய நாகரிகம். படம் எடுத்து இணையத்தில் போட்டேன். பிரேசிலிலும் ஜேர்மனியிலும் இருந்து முகம் தெரியாத அறிஞர்கள் ஆளுக்கொரு மொடல் சொன்னார்கள். அவற்றுள் விலை கூடியது எதுவோ அதுவே உண்மை என்று முடிவு செய்தேன்: எழுபதுகளில் யப்பானில் செய்தது, உடம்பு ஹொண்டுராஸ் மொகோகனி மரம். சலூனில் சொன்னேன். மீன் வாங்குகிற இடத்திலும் சொன்னேன்.

இதுவரைக்கும் யாருக்கும் நட்டமில்லை. தங்கச்சியின் மகள் ஆர்த்திகாவால்தான் விசயம் அரசாங்கம் வரைக்கும் போனது. பிரதேச கலை விழாவில் பாட அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. பக்கவாத்தியம் இல்லாதவர் மேடையேற முடியாது என்ற விதியால் போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் திருப்பி அனுப்பப்பட்டவள். அடுத்த வருடம் வயதெல்லை தாண்டிவிடும். இந்தத் தடவை மாமாவும் கிற்றாரும் இருக்கிறோம் என்று விழா நடக்கும் சனிக்கிழமையை எதிர்பார்த்திருந்தாள்.

பதிவதற்காக அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன், எல்லாரும் நல்ல மனிசர். கலாசார உத்தியோகத்தர் உதயரூபன் என்ன வாத்தியம் என்று மட்டும்தான் கேட்டார். நான் மரத்தையும் சொன்னேன்.

அவர் பேனையை வைத்தார். "மொகோகனியா? அப்ப மர அனுமதி வேணுமே சேர்."

"இது கிற்றார்."

"கிற்றாராப் போன மரம். உங்கட வீடு வாவிக்கு அங்கால, மண்டபம் இஞ்சால. பெறுமதியான மரம் பாலம் தாண்டுறதெண்டால் அனுமதி இல்லாமத் தாண்ட ஏலாது."

ஒருவேளை மொகோகனியாக இல்லாமலும் இருக்கலாம் என்று பின்வாங்கினேன். சொன்னதைத் திரும்ப எடுக்க விதியில்லை, நிரூபிக்க மட்டும்தான் விதியுண்டு என்றார். இவ்வாறாக, மேற்படி கிற்றார் தொடர்பில் மரநிர்ணயக் குழு ஒன்று உரிய முறையில் அமைக்கப்பட்டது. உதயரூபன், மர உத்தியோகத்தர் றிப்ஷான், கலை மன்றத் தலைவரும் கோயில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கருமான தங்கராசா ஐயா, சாட்சியாக நான். குழு எங்கள் வீட்டு முற்றத்திலேயே கூடியது.

றிப்ஷான் மணந்து பார்த்தார். பெயின்றும் குழந்தைப் பவுடரும்தான் மணத்தன. மொகோகனி வாசம் என்று பதிந்துகொண்டார். தங்கராசா ஐயா அதைத் தேங்காய்போலக் காதோரம் வைத்துத் தட்டி, நல்ல முத்தல் என்றார். மூன்றாவது சோதனை, வாவியில் மிதக்கவிடுவது. கம்பியையும் காந்தத்தையும் கழற்றினோம், கழுத்தையும் கழற்றினோம். உடம்பு மிதந்தது. மொகோகனி மிதக்கும் என்றார் றிப்ஷான். மிதக்காத பலகையில் எவன் தோணி கட்டினான் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் மொகோகனிதான் வேண்டியிருந்தது.

கழற்றின கழுத்தின் அடியில்தான் சிக்கல் இருந்தது. அங்கே கொரியா என்று முத்திரை குத்தியிருந்தது. கழுத்து ஓரிடம், உடம்பு வேறிடம். அப்படியானால் மொடல் எது?

"எங்கட பக்கத்தில குடி, வம்சம் எல்லாம் தாய்வழிதானே" என்றார் தங்கராசா ஐயா. "இதில தாய் ஆரெண்டு சொல்லுங்க, மறுகா நான் மொடலச் சொல்லுறன்."

பெயர் போடுகிற இடம் தலை, ஆகவே கழுத்துத்தான் தாய் என்று உதயரூபன் வாதிட்டார். வயிறு இருப்பது உடம்பில் என்றார் ஐயா. நான் அப்போதாவது சிரித்திருக்க வேண்டும். பதிலாக எழுந்து நின்று, மட்டக்களப்பில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போய்க் குடியிருப்பான், கழுத்தும் அப்படியே உடம்பில் வந்து புகுந்து நாலு ஆணியில் தங்கியிருக்கிறது, எனவே கழுத்து வீட்டோடு மாப்பிள்ளை என்று இரு மொழியிலும் விளக்கினேன். குழு கைதட்டியது. தாய் மொகோகனி, மொடல் நான் சொன்னதேதான் என்று ஏகமனதாகத் தீர்மானித்து மூவரும் கையெழுத்து வைத்தார்கள். அரிய கிற்றார் ஒன்று எங்கள் பிரதேசத்தில் கண்டறியப்பட்டதாக மேலிடத்துக்கும் அறிவிக்கப்பட்டது. அனுமதி கொழும்பிலிருந்து வர வேண்டும். தைப்பொங்கலுக்கு முன் வரலாம், சனிக்கிழமைக்கு முன் வராது.

கழுத்தைத் திரும்பப் பூட்டும்போது ஆர்த்திகா பக்கத்தில் இருந்தாள். கழுத்து இருக்கும் குழியைக் கத்தி முனையால் சுரண்டினாள். கறுப்புக்குக் கீழே சிவப்பு, சிவப்புக்குக் கீழே வெள்ளை. ஒவ்வொரு நிறத்துக்கும் இடையில், அதே இடத்தில், ஓட்டை அடைக்கும் புட்டிப் பசை வைத்து அடைத்திருந்தது. எனக்கு முன்னம் வைத்திருந்தவர்கள் எல்லாரும் அங்கேதான் சுரண்டியிருக்கிறார்கள். பார்த்திருக்கிறார்கள். மூடியிருக்கிறார்கள்.

"மாமா, இது ஒட்டுப்பலகை" என்றாள்.

அடுக்கடுக்காகத் தெரிந்தது. உதயரூபனுக்குப் போன் எடுத்தேன். ஒட்டுப்பலகைக்கு அனுமதி தேவையில்லை, சட்டப்படி அது மரமே இல்லை என்றார். வெள்ளிக்கிழமைக்குள் நான் எழுதிக் கொடுத்தால் சனிக்கிழமை அவள் பாடலாம். பிறகு தாள் புரளும் சத்தம் கேட்டது.

"ஆனா சேர், நாங்க மூண்டு பேரும் கையெழுத்து வெச்சிட்டம்."

அரை மணித்தியாலத்தில் தங்கராசா ஐயாவே வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி குடித்தார். நெல்லு விலையைப் பற்றிக் கதைத்தார். எழும்பும்போது, "இஞ்ச பார் மனே, இதில போறது உன்ட மானம் மட்டுமில்ல" என்றார். பிரேசில்காரன் வாழ்த்து அனுப்பியிருந்தான். சலூன்காரர் கிற்றாரைப் பார்க்க ஆட்களைக் கூட்டிவரலாமா என்று கேட்டிருந்தார்.

ஆர்த்திகா ஒரு வெள்ளைத் தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"ஒட்டுப்பலகை எண்டு ஒரு சொல்லு எழுதித் தாங்க மாமா. நான் பாடிட்டு வந்திருவன்."

"பாப்பம் புள்ள" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை சந்திக் கடைக்குப் போய், கறுப்புப் பெயின்ற் சின்ன டின் ஒன்றும் கொஞ்சம் புட்டியும் வாங்கி வந்தேன்.