தாய்மாமன் மாலையும் ஸ்டார்ட் ஆகாத காரும்

வைகாசி பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்து மணி ஐம்பது நிமிடம். வானத்தில் மூன்று மேகங்கள். மூன்றும் அருப்புக்கோட்டையைக் கண்டுகொள்ளாமல் மதுரைப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. கீழே காற்று இல்லை. அந்த நேரத்தில்தான் என் காரின் சாவியைத் திருகினேன். உள்ளே 'கிர்கிர்கிர்' என்று ஏதோ சுற்றியது. ஒன்பது விநாடி. சுற்றியதே தவிர, என்ஜின் உயிர் பிடிக்கவில்லை.

நான் முப்பத்துமூன்று வருடம் புள்ளியியல் துறையில் இருந்தவன். திருச்சுழி வட்டாரத்து ஆடு, மாடு, கிணறு எல்லாவற்றையும் எண்ணி ஓய்வு பெற்றவன். (தண்ணீர் உள்ள கிணறு தனிக்கணக்கு. அதற்குச் சின்ன நோட்டே போதும்.) எதையும் எண்ணிவிட்டால் பிடிபட்டுவிடும் என்று நம்பியவன்.

அன்று திருச்சுழியில் என் தங்கை மகள் கவிதாவுக்குக் கல்யாணம். முகூர்த்தம் ஏழரை முதல் ஒன்பது வரை. தாய்மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்து அழைத்து வந்தால்தான் பெண் மணமேடை ஏறும். அந்தத் தாய்மாமன் நான். ஆனால் என் சித்தப்பா மகன் தனபாலனும் முறைக்குத் தாய்மாமன்தான். கவிதாவின் காதுகுத்து அன்றைக்கு நான் மாடு எண்ணப் போய்விட்டதால், குழந்தை அவன் மடியில்தான் உட்கார்ந்தது. இப்போதும் முந்தின நாளே பட்டு வேட்டியோடு மண்டபத்துக்குப் போய்விட்டான். நான் வராவிட்டால் மாலையை யார் போடுவது என்று யாரும் யோசிக்கவே வேண்டியதில்லை.

இந்தக் கல்யாணத்தில் காரில் போய் இறங்க வேண்டும் என்பதற்காகவே நான்கு மாதம் முன்பு பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தேன். முந்தின நாள் சாயங்காலம் அதைக் கழுவித் துடைத்து, பாதுகாப்புக்கு வேண்டியதையும் செய்து முடித்திருந்தேன்.

பக்கத்து இருக்கையில் மாலைக் கூடையை மடியில் வைத்திருந்த என் மனைவி செண்பகம் சொன்னாள்: "ஏங்க, செவப்பா ஒரு சாவிப் படம் மினுங்குது, பாத்தீகளா?"

"சாவி போட்டிருக்குன்னு அர்த்தம்."

"போடுறதுக்கு முன்னாடி மினுங்குனா சரி. போட்ட பெறகு எதுக்கு மினுங்குது?"

நான் நோட்டை எடுத்துக் கட்டம் போட்டேன். கார் பற்றி அதுவரை பதினான்கு வீடியோ பார்த்திருந்தேன். என்ஜினுக்கு வேண்டியது பெட்ரோல், பொறி, காற்று. இந்த மூன்றில் ஒன்றுதான் இல்லை. மனைவி சொன்னதை எழுத அந்த நோட்டில் கட்டம் இல்லை.

"ஆறரைக்கு ஒரு பஸ்ஸு இருக்கு, போயிருவோம்" என்றாள்.

"மாலைக் கூடையும் கையுமா, கம்பியப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டுத் தாய்மாமன் போய் எறங்கணுமா?"

பெட்ரோல் முள் பாதியில் நின்றது. காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டினேன், அரைக்கால் படி கரிசல் மண் விழுந்தது. மறுபடி கிர்கிர்கிர். பிறகு பொறி தரும் பிளக்குகள் மூன்றையும் கழற்றினேன். ஈரம் இருந்தால் சூடு காட்ட வேண்டும் என்று ஸ்கூட்டர் காலத்தில் கேட்ட ஞாபகம். அடுப்பில் தோசைக்கல்லை வைத்து மூன்றையும் அடுக்கினேன்.

செண்பகம் எட்டிப் பார்த்தாள். "சட்னி அரைக்கவா?"

சுட்ட பிளக்குகளைத் திருப்பி மாட்டியபோது என் இரண்டு கையும் முழங்கை வரை மசி. கிர்கிர்கிர். ஒன்றும் இல்லை. ஆறரை பஸ்ஸும் போய்விட்டது.

ஏழு மணிக்குத் தங்கை கணவர் போன் செய்தார். "மச்சான், எங்க வாரீக?"

"வந்துக்கிட்டே இருக்கேன் மாப்ள."

"தனபாலன் குளிச்சு ரெடியா இருக்காக. அவசரமில்ல, மெதுவா வாங்க."

அந்த 'அவசரமில்ல' என்ற சொல்தான் என்னைக் கொன்றது.

எதிர்வீட்டு ஞானராஜ் வந்தான். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன், என் வயது. "ஏலே, தள்ளுனா கெளம்பாத வண்டி உண்டா? நான் பஸ்ஸையே தள்ளிக் கெளப்புனவன்" என்றான். நான்கு பேர் தள்ளினார்கள். நூற்றுப்பத்து அடி தள்ளி, டீக்கடை வாசலில் மூச்சு வாங்க விட்டுவிட்டார்கள். அங்கே பதினோரு பேர். பெட்ரோல் பம்பு போச்சு என்றவர்கள் நால்வர். எலி வயரைக் கடித்திருக்கும் என்றவர்கள் மூவர். வண்டியை விற்றுவிடச் சொன்னவர் ஒருவர். மீதி மூவர் டீயைக் குடித்துக்கொண்டே என் பட்டு வேட்டியில் எத்தனை மசிக் கறை என்று பார்த்தார்கள். (ஆறு. நானே எண்ணியிருந்தேன்.)

ஏழே முக்காலுக்குப் பாளையம்பட்டி மெக்கானிக் செல்லையா மொபெட்டில் வந்து நின்றார். செண்பகம் எனக்குத் தெரியாமல் போன் பண்ணியிருக்கிறாள். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. உள்ளே எட்டி மினுங்கும் சாவிப் படத்தைப் பார்த்தார். "சாவியக் குடுங்கய்யா" என்றார். கொடுத்தேன்.

"இது சாவியா, சோன்பப்டிப் பொட்டலமா?"

சொல்லத்தான் வேண்டும். சாவியிலிருந்து வரும் சிக்னலைத் திருடர்கள் காற்றிலேயே பிடித்துவிடுகிறார்கள், வெள்ளிக் காகிதம் சுற்றி வையுங்கள் என்று முந்தின நாள் வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது. பிரியாணி பார்சலில் வந்த காகிதத்தைக் கழுவி, சாவியின் தலையில் நான்கு சுற்று சுற்றி, மேலே கறுப்பு டேப்பும் ஒட்டினேன். அந்தச் செய்தியைச் சொந்தக்காரர்கள் நாற்பத்துமூன்று பேருக்கும் அனுப்பினேன்.

"சாவித் தலைக்குள்ள ஒரு சிப்பு இருக்குய்யா" என்றார் செல்லையா. "வண்டி அதுகிட்ட, நீ நம்மாளுதானான்னு கேக்கும். ஆமான்னா பெட்ரோல விடும். நீங்க அது வாயக் கட்டிப்புட்டீக."

"அப்ப திருடன் வந்திருந்தாலும் எடுத்திருக்க முடியாதுல்ல" என்றேன், கடைசி மானத்தைப் பிடித்துக்கொண்டு.

"அவன் ரெண்டு மணி நேரமா நின்னிருப்பான்? ஆறரை பஸ்ஸுல போயிருப்பான்" என்றாள் செண்பகம்.

காகிதத்தை நகத்தால் உரித்துச் சாவியைத் திருகினார். ஒரே விநாடி. கார் பூனை போல உறுமியது. நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்.

திருச்சுழி மண்டபத்தில் எட்டு இருபத்தொன்றுக்கு இறங்கினேன். மறுபடி நின்றுபோகுமோ என்று பயந்து என்ஜினை அணைக்காமல், செண்பகத்தைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டு மாலையோடு ஓடினேன். மணப்பெண் அறை வாசலில் தனபாலன் வேறொரு மாலையோடு நின்றிருந்தான். உள்ளே கவிதா நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பெரிய மாமா வராம நான் எந்திரிக்க மாட்டேன்னு அரை மணி நேரமாச் சொல்றா" என்று தங்கை அழுதாள்.

மாலை போட்டேன். கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வந்தேன். கண்ணில் நீர். அந்த வேகத்தில் மாப்பிள்ளையையும் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டேன். விலகிப் பார்த்தால், அவருடைய வெள்ளைப் பட்டுச் சட்டையில், இடது தோளில், என் ஐந்து விரலும் மசியில் பதிந்திருந்தன.

"அண்ணே, கைநாட்டு வச்சுக் கல்யாணத்த உறுதி பண்ணிட்டீக" என்றான் தனபாலன். மண்டபமே சிரித்தது. கவிதாதான் அதிகம் சிரித்தாள்.

இன்றைக்கும் அவர்கள் வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளை ஒரு எட்டு பின்னால் நகர்ந்து, "மாமா, கை கழுவிட்டீகளா?" என்றுதான் வரவேற்கிறார். தங்கை பேரனுக்கும் அது தொற்றிக்கொண்டது.

போட்டோக்காரர் விரல் தடத்தைக் கம்ப்யூட்டரில் அழித்துத் தர ஒரு படத்துக்கு இருபது ரூபாய் கேட்டார். தடம் விழுந்த படங்களை நானே உட்கார்ந்து எண்ணினேன். அறுபத்தொன்று. அதில் ஒன்றை மட்டும் தொடக்கூடாது என்று கவிதா பிடுங்கிக்கொண்டாள். மீதி அறுபதுக்கும் பணம் கட்டினேன். ஆயிரத்து இருநூறு ரூபாய்.