ஐந்நூறு டாலருக்குள் ஒரு துப்பாக்கி

துப்பாக்கி வைத்திருப்பவர்கள் ஒரு வகை. வைத்திராதவர்கள் இன்னொரு வகை. இவ்விரு வகையினரையும் பற்றி நாட்டில் போதுமான அளவு எழுதியாகிவிட்டது. நான் சொல்ல வந்தது இரண்டுக்கும் நடுவே, இரண்டிலும் சேராமல், சனிக்கிழமைதோறும் கடைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் மூச்சுக்காற்றால் பனி படர்த்திக்கொண்டு நிற்கும் மூன்றாவது இனத்தைப் பற்றி: வாங்கப் போகிறவர். அதிலும் முதல் துப்பாக்கியை வாங்கப் போகிறவர். அதிலும், நூறு ஆண்டுகளுக்கு முன்பு பட்டாளத்துக்காக வரையப்பட்டு இன்றுவரை முகம் மாறாத அந்தப் பழைய பாணி எஃகுக் கைத்துப்பாக்கிதான் வேண்டும் என்பவர். அதிலும், ஐந்நூறு டாலருக்கு மேல் ஒரு செப்புக்காசும் தரமாட்டேன் என்று சபதம் எடுத்தவர்.

இவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். எங்கள் ஒஹாயோவில் ஊருக்கு ஒருவர் உண்டு. எங்கள் ஊருக்கு வெண்டல் கிரான்ஸ்.

குளிர்காலத்தில் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டுவதும், மற்ற மூன்று பருவங்களிலும் அதே சாலைகளில் விழுந்த குழிகளை அடைப்பதும் வெண்டலின் உத்தியோகம். வயது நாற்பத்தெட்டு. மூன்று ஆண்டுகளாகத் தம் முதல் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறார். மூன்று ஆண்டு என்பதைப் பெரிதாக நினைக்காதீர்கள். இந்த இனத்தில் அது இளம்பருவம்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வெர்னாவின் துப்பாக்கிக் கடை திறக்கும். ஒன்பது ஒன்றுக்கு வெண்டல் உள்ளே இருப்பார். வரிசையில் இடமிருந்து மூன்றாவதைக் காட்டச் சொல்வார். வெர்னா அதை எடுத்து, தோட்டாக்கூட்டை உருவி, மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்து, உள்ளே காலி என்று காட்டித் தருவார். வெண்டலும் அதே காலியை மறுபடி பார்ப்பார், அது முறை. பிறகு மேல்பாகத்தை விரல்களால் ஏந்தி மெல்ல மெல்ல முன்னே நகர்த்தி மூடுவார், ஏனென்றால் வெற்று அறையின்மேல் அதை டக்கென்று விழவிடுவது இந்தச் சபையில் சவப்பெட்டியின்மேல் காப்பிக் கோப்பையை வைப்பதற்கு நிகர். அதன்பின் துப்பாக்கியைக் காதருகே கொண்டுபோய்க் குலுக்குவார். லொடலொடவென்றால் உதட்டைப் பிதுக்குவார். சத்தமே இல்லாவிட்டால் "ரொம்ப இறுக்கம்" என்பார். குறிமுனைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், விசையை நகத்தால் வருடுவார், கைப்பிடிப் பலகையின் மரம் உண்மையிலேயே அக்ரூட்தானா என்று முகர்ந்தும் பார்ப்பார். பெருமூச்சு ஒன்று விட்டுத் திருப்பிக் கொடுப்பார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா…"

அந்த 'ஆனா'வுக்குள் ஓர் ஆயுள் கழிந்துவிடும்.

ஏன் என்று கேட்பீர்கள். ஐந்நூறு டாலர் துப்பாக்கியில் குறிமுனை மட்டரகம். நல்லதாக மாற்ற நூறு ஆகும். விசை கொஞ்சம் கரகரப்பு, அதற்கொரு நூறு. அப்படியானால் இவை இரண்டும் சேர்ந்தே வரும் எழுநூறு டாலர்க்காரனை வாங்குவதுதானே அறிவு? எழுநூறு வரை வந்த மனிதன் இன்னும் இருநூறுக்காகச் சுணங்கலாமா? தொள்ளாயிரம் கொடுக்கிறவன், வார்ப்பு எஃகை விட்டுவிட்டு, அடித்துச் செய்த எஃகாகவே ஆயிரத்து ஐந்நூறில் வாங்கினால் பேரன் காலத்துக்கும் ஆகுமே? ஆனால் ஆயிரத்து ஐந்நூறுக்கு வாங்கியதைக் கையில் எடுக்க மனம் வருமா, கீறல் விழாதா? ஆகவே அடித்துப் புழங்க ஓர் ஐந்நூறு டாலர்த் துப்பாக்கி போதும். இப்படி ஒவ்வொரு படியிலும் தருக்கம் தவறாமல் ஏறி, தருக்கம் தவறாமல் இறங்கி, புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கும்போது மதியச் சாப்பாட்டு நேரம் ஆகியிருக்கும்.

கடை மூடிய நாட்களில் இணைய மன்றம் இருக்கிறது. "முதல் துப்பாக்கி, பழைய பாணி, கையில் ஐந்நூறு, எது?" என்று அவர் ஒருமுறை அங்கே கேட்டுவைத்தார். மூன்று மணி நேரத்தில் இருநூற்றுப் பதினான்கு பதில்கள். பாதிப் பேர் இன்னும் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு வா என்றார்கள். பலர் பிலிப்பைன்ஸ் தயாரிப்பு என்றார்கள், பலர் துருக்கித் தயாரிப்பு என்றார்கள். பழைய நாற்பத்தைந்து என்ற பெரிய தோட்டா அளவில் வாங்காமல் சிறிய ஒன்பது மில்லிமீட்டரில் வாங்குகிறவன் பாட்டனாருக்குத் துரோகம் செய்கிறான் என்று ஒருவர் எழுத, தம் பாட்டனார் கடற்படையில் சமையற்காரர், அவருக்கு ஆட்சேபணை இல்லை என்று இன்னொருவர் எழுத, வாதம் முற்றி மன்ற நடத்துநரே வந்து, யாரும் மேலே எழுத முடியாதபடி அந்த விவாதத் திரியைப் பூட்டினார். தாம் கேட்ட கேள்வி பூட்டப்பட்டதை வெண்டல் ஒரு பட்டம்போல இன்றும் சொல்லிக்கொள்கிறார்.

துப்பாக்கி இல்லாததால் அவருடைய அறிவு குறைந்துவிடவில்லை. பெருகியது. எங்கள் சுடுகழகத்தில் எவர் துப்பாக்கியைப் பிரித்தாலும் தோளுக்குப் பின்னால் வெண்டலின் மூச்சு கேட்கும். முக்கியமாக அந்தக் கீறல் விஷயத்தில் அவர் மகா நிபுணர். இந்தப் பழைய பாணித் துப்பாக்கியைத் துடைத்து மறுபடி பூட்டும்போது, இடப்பக்கத்துத் தாழைத் துளையில் செருகி, அதன் வாலை மேலே தள்ளி, எதிரே நிற்கும் சிறு வில்முனையைத் தாண்டச் செய்ய வேண்டும். கை ஒரு நூல் பிசகினால் அந்த வால் எஃகின்மேல் பிறைபோல ஒரு கோடு இழுத்துவிடும். அழிக்கவே முடியாது. அதற்கு எங்கள் வட்டாரத்தில் மடையன் கீறல் என்று பெயர். எவர் துப்பாக்கியிலாவது அந்தப் பிறையைக் கண்டுவிட்டால் வெண்டல் துக்கவீட்டுக் குரலில் ஆறுதல் சொல்வார். ஒரு துண்டு அட்டையை வெட்டி எஃகின்மேல் வைத்துக்கொண்டு பூட்டியிருக்கலாமே என்பார்.

இவ்வாறு ஒரு மனிதர் சொந்தமாக எதுவும் இல்லாமல் நிறைவாக வாழ்ந்துகொண்டிருந்தபோது, போன ஆகஸ்டில் எங்கள் கழகத்தின் அணித்தலைவி மார்லிஸ் குறுக்கிட்டார். அக்டோபர் முதல் சனிக்கிழமை நான்கு கழகங்கள் மோதும் பழைய பாணிப் போட்டி நடக்கும். கழகத்துக்கு நான்கு பேர். எங்கள் நான்காவது ஆள் கண்ணில் அறுவை செய்துகொண்டு விலகிவிட்டார். அந்த இடம் வேண்டும் என்று பதினோரு ஆண்டுகளாக ஏங்கியவர் வெண்டல். மார்லிஸ் அதை அவருக்கே கொடுத்தார், ஒரே ஒரு நிபந்தனையுடன்.

"துப்பாக்கி உன்னோடதா இருக்கணும், வெண்டல். எரவல் செல்லாது. வாங்கலன்னா உன் மச்சானை எறக்கிடுவேன்."

மச்சான் என்பவர் வெண்டலின் மனைவியின் தம்பி லைல். லைல் துப்பாக்கி வாங்கிய கதை கழகத்தில் பிரசித்தம். ஜூலையில் ஒருநாள் வெர்னாவின் கடைக்குள் நுழைந்து, தம்மிடம் ஐந்நூறு டாலர் இருப்பதைச் சொல்லி, இதிலே எது சுடும் என்று கேட்டார். "எல்லாமே சுடும், கண்ணு" என்றார் வெர்னா. அப்படியானால் இது என்று கைக்கு எட்டியதைக் காட்டினார் லைல். நான்கு நிமிடம். அன்று மாலையே டப்பாக்களைச் சுட்டுத் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினார். இது வெண்டலின் குடும்பத்தில் நடந்த அவமானம்.

ஆகஸ்ட் போயிற்று. செப்டம்பரும் போய்க்கொண்டிருந்தது. போட்டிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை வேலைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வெண்டல் கடைக்கு வந்தார். நாற்பத்தொரு வரிசை கொண்ட அவருடைய ஒப்பீட்டுப் பட்டியல் கையிலே இருந்தது. ஆறு துப்பாக்கிகளைக் குலுக்கினார். ஆறுக்கும் 'ஆனா' சொன்னார். வெர்னா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கண்ணு, உன் மச்சான் காலைல தோட்டா வாங்கிட்டுப் போயிட்டான். நாலு பெட்டி."

வெண்டல் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டார். படிவம் நிரப்பினார். பின்னணிச் சரிபார்ப்பு முடிய இருபது நிமிடம் ஆயிற்று. அந்த இருபது நிமிடமும், வாழ்நாளில் ஒரு வேக வரம்பைக்கூட மீறாத அந்த மனிதர், அரசாங்கம் எப்படியாவது தம்மை மறுத்துவிடாதா என்று ஏங்கினார். அரசாங்கம் கைவிட்டது. துப்பாக்கி அவருடையதாகிவிட்டது.

வீட்டுக்கு வந்தவர் என்ன செய்தார்? சுட்டாரா? இந்த இனம் அப்படிச் செய்யாது. தொழிற்சாலைப் பசையைத் துடைக்காமல் முதல் தோட்டா போடக்கூடாது என்பது அவர் அறுபது பேருக்குச் சொன்ன அறிவுரை. எனவே பிரித்தார், ஒவ்வோர் உறுப்பையும் பல்துலக்கியால் துடைத்தார், எண்ணெய் இட்டார், பூட்டினார். பூட்டும்போது, பிறருக்குச் சொல்லும் அட்டைத் துண்டு தமக்கும் உரியது என்பது நினைவுக்கு வரச் சற்றுத் தாமதமாயிற்று.

பிறை உதித்தது.

மறுநாள் காலை சுடுதளத்தில் நான்கு கழகங்களும் கூடின. நடுவர் மேசையில் ஒவ்வொருவரும் துப்பாக்கியைத் திறந்து வைக்க, அவர் பார்த்துப் பெயர் எழுதினார். வெண்டலின் முறை வந்தது. துப்பாக்கியின் இடப்பக்கத்தில், அகலமாக, ஒரு கறுப்பு டேப் ஒட்டியிருந்தது.

"இது எதுக்கு?" என்றார் நடுவர்.

"பிடிப்புக்கு."

"பிடிக்கிற எடத்துல ஒட்டலையே."

நடுவர் எங்கள் மாவட்டத்துக்காரர். வெண்டல் மூன்று ஆண்டாக வாங்கிக்கொண்டிருப்பதும், எதுவும் வாங்காததும் அவருக்குத் தெரியும். ஒரே நல்ல துப்பாக்கியைக் கைமாற்றிக்கொண்டு நான்கு பேர் சுட்ட ஒரு கழகத்தை அவர் முன்பு பிடித்திருக்கிறார். இரவல் கூடாது என்ற விதி பிறந்ததே அதனால்தான். ரசீது கேட்டார். ரசீது நாற்பது மைலுக்கு அப்பால், கோப்பில், மஞ்சள் ஒட்டுச்சீட்டுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. வெர்னா வெளியூர்க் கண்காட்சியில் கடை போட்டிருந்தார், தொலைபேசியை எடுக்கவில்லை.

"அடியில வேற யாரோட பேராவது பொறிச்சிருக்கா?"

"இல்லைங்க."

"அப்ப டேப்பைப் பிரிங்க."

சுட இன்னும் பத்து நிமிடம். வெண்டல் டேப்பைப் பார்த்தார். சற்றுத் தள்ளி, சாஸேஜ் ரொட்டியைக் கடித்தபடி, துப்பாக்கிப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லைல் நின்றார். தம்மிடம் ஆறுதல் பெற்ற அத்தனை பேரும் சுற்றிலும் நின்றார்கள். பிரித்தால் மானம் போகும். பிரிக்காவிட்டால் இடம் போகும். மார்லிஸ் மெதுவாகத்தான் பேசினார்.

"வெண்டல், முடிவு பண்ணு. நான் லைலைக் கூப்பிடணும்."

மூன்று ஆண்டுகளில் முதன்முறையாக வெண்டல் கிரான்ஸ் ஒரு நிமிடத்துக்குள் ஒரு முடிவெடுத்தார். நகத்தால் டேப்பின் ஓரத்தைக் கிளப்பி, ஒரே இழுப்பில் உரித்தார். புத்தம்புதிய எஃகின்மேல் பிறை பளபளத்தது.

நடுவர் குனிந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். நெடுநேரம் பார்த்தார்.

"எரவல் வாங்குன துப்பாக்கில இதைப் பண்ணிட்டு எவனும் உசுரோட இங்க வந்து நிக்கமாட்டான். இது இவரோடதுதான்" என்று சொல்லிப் பெயரை எழுதினார்.

லைல் எட்டிப் பார்த்தார். வாயிலிருந்ததை விழுங்கினார். "மாமா, இதுக்குத்தானே அட்டையை வெட்டி வைக்கச் சொன்னீங்க?"

"ஆமா," என்றார் வெண்டல், தோட்டாவை நிரப்பிக்கொண்டே. "பெரிய அட்டையா வெட்டணும்."

பதினாறு பேரில் ஒன்பதாவதாக வந்தார். அவரைவிட நன்றாகச் சுட்டவர்கள் எட்டுப் பேர் உண்டு. அவரைவிட அகலமாகச் சிரித்துக்கொண்டு வீடு திரும்பியவர் எவரும் இல்லை.

கதை முடிந்தது. இனி உங்களைச் சற்று விசாரிக்கிறேன். வெண்டல் கண்ணை மூடிக்கொண்டு தொட்டது எந்த நாட்டுத் தயாரிப்பு, வார்ப்பா அடிப்பா, நாற்பத்தைந்தா ஒன்பதா, கடைசியில் ஐந்நூறுக்குள் முடிந்ததா என்பதை நான் சொல்லவே இல்லை என்று கொஞ்ச நேரமாக உங்களுக்குள் ஏதோ அரித்துக்கொண்டிருக்கிறதா? துப்பாக்கியைத் தொட்டே இராதவராக இருந்தும், மேலே போய் இரண்டு பத்தி திரும்பப் படித்துத் தேடினீர்களா? வெட்கப்படாதீர்கள். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வெர்னாவின் கடை திறக்கிறது, வந்து நில்லுங்கள். ஒன்பது ஒன்றுக்கு வந்தால் மட்டும் வரிசையில் இரண்டாவதாகத்தான் நிற்க வேண்டியிருக்கும். வெண்டல் தம் இரண்டாவது துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்திருக்கிறார்.