தூக்குவாளியின் மகிமை

உலகத்தில் அன்பு என்று ஒரு பொருள் இன்னும் கையிருப்பில் இருக்குமானால், அது எங்கள் தெருவில் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களின் தூக்குவாளியில்தான் இருக்கிறது. இதை நான் எந்தச் சபையிலும் எழுந்து நின்று சொல்வேன்.

இந்தக் காலத்து ஆட்களுக்கு அந்த மரியாதை கிடையாது. ஒருத்தன் படுத்துக் கிடக்கிறான் என்று தெரிந்தால், போனில் இரண்டு கும்பிட்ட கையும் ஒரு பூங்கொத்தும் அனுப்புகிறார்கள். கடமை முடிந்தது. பூங்கொத்தைத் தின்ன முடியுமா? கும்பிட்ட கையைக் கரைத்துக் குடிக்க முடியுமா?

நாங்கள் அப்படியில்லை. என் வீட்டுக்காரி சத்தியபாய் சர்க்கரை நோயில் நாலு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். முதலில் கால்விரல் போயிற்று, பிறகு முட்டுக்குக் கீழே போயிற்று, பிறகு ஆளே போய்விட்டாள். ஆனால் அந்த நாலு மாதத்தில் ஒருநாள்கூடத் தூக்குவாளி வராமல் இருந்ததில்லை. முதல் தூக்குவாளி என்னுடையதுதான். அடப்பிரதமன் பாயசம் என்றால் அவளுக்கு உயிர். நர்ஸ் அந்தப் பக்கம் திரும்புகிற நேரம் பார்த்து ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுப்பேன். அப்படிப்பட்ட பாசத்தை இனிமேல் எங்கே பார்க்கப் போகிறோம்?

அது நடந்து ஒன்பது வருஷம். இப்போது விஷயம் என் மகள் ரெஜிலாவைப் பற்றியது.

ரெஜிலா கோட்டாற்றில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். நாற்பத்தொரு வயது, நூற்றிருபத்தாறு கிலோ. மாப்பிள்ளை எபிசன் மஸ்கட்டில் இருப்பதால் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். தூங்கும்போது மூச்சு அடைக்காமல் இருக்க மூக்கில் ஒரு குழாயை மாட்டிக்கொண்டு, விமானம் ஓட்டுகிறவளைப்போலப் படுத்திருப்பாள். பள்ளிக்கூடத்தில் அவள் வகுப்பு மாடியில். ஏழு படி ஏறுவாள், எட்டாவது படியில் நின்று மூச்சு வாங்குவாள். அம்மாவுக்கு இருந்த சர்க்கரை அவளுக்கும் வந்துவிட்டது. போன வருஷம் கால் பெருவிரலில் ஒரு புண் வந்து, ஆற இரண்டு மாதம் ஆயிற்று. அன்றிலிருந்து தினமும் காலையில் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்ப்பாள். நல்ல பழக்கம் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஒருநாள் வந்து சொன்னாள்: "அப்பா, வயித்தச் சின்னதாக்குற ஆபரேஷன் செய்யப் போறேன்."

"ஏட்டி, உனக்கு கிறுக்கா? ஆண்டவரு தந்த வயித்த வெட்டி எறிய நீ யாரு?"

"ஆண்டவரு தந்தது சின்ன வயிறுதான். பொறவு நீங்க எல்லாருமா சேந்துதான் பெருசாக்கினிய."

அவளோடு நாகர்கோவிலுக்குப் போனேன். டாக்டர் சின்னப் பையன். அவன் மேசையில் இரைப்பையைப்போல ஒரு ரப்பர் சாமான் இருந்தது. அதில் முக்கால் பாகத்தைக் கையால் மறைத்து, "இவ்வளவையும் எடுத்துருவோம், பெரியவரே" என்றான், ஏதோ தோட்டத்தில் வேலி வைக்கிற மாதிரி.

"ஆபத்து உண்டா இல்லியா? அதச் சொல்லும்" என்றேன்.

"ஆபத்தே இல்லாத ஆபரேஷன் கிடையாது. ஆனா பித்தப்பைக் கல்லு எடுக்கிறாங்கல்லா, ஏறக்குறைய அந்த அளவுதான். ஆயிரம் பேருக்குச் செஞ்சா ஒருத்தருக்கு உயிராபத்து வரலாம்."

"அந்த ஒருத்தன் பேரு என்ன?"

டாக்டர் விழித்தான். பார்த்தீர்களா? ஒருத்தன் சாவான் என்கிறான், பேர் கேட்டால் தெரியாது. இதற்குப் பெயர் படிப்பு.

"நீங்க இங்க எதுல வந்தீங்க?" என்று பேச்சை மாற்றினான்.

"பிள்ள ஆட்டோல வந்தா. நான் பக்கத்து வீட்டு தாணுலிங்கத்துக்க பைக்குல."

"ஹெல்மெட் போட்டிருந்தீங்களா?"

"எனக்கு அது தலைக்கு ஒக்காது."

"அதுக்குப் பயப்படுங்க பெரியவரே. இதுக்கு வேண்டாம்" என்று சிரித்தான்.

பிறகு ஏழு தாள் எடுத்து வைத்தான். ரத்தம் கசியலாம், தையல் விடலாம், இன்னது ஆகலாம் என்று வரிசையாக அச்சடித்திருந்தது. ஒவ்வொன்றிலும் ரெஜிலா கையெழுத்து, கீழே சாட்சியாக என் கையெழுத்து.

"ஆபத்து இல்லன்னா எனக்க ஒப்பு என்னத்துக்கு?"

"என்னெல்லாம் நடக்கலாம்னு உங்களுக்குச் சொல்லிட்டோம்கிறதுக்குத்தான்."

மூன்றாம் வகுப்போடு நிறுத்திய கை என்னுடையது. ஒரு ஒப்பு போட ஒரு வெற்றிலை போடுகிற நேரம் ஆகும். ஏழும் போட்டு முடிக்கையில் டாக்டர் இரண்டு நோயாளிகளைப் பார்த்து அனுப்பிவிட்டான்.

கடைசியாக உணவுக்குப் பொறுப்பான ஒரு பெண் வந்தாள். ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு வாரம் ரெஜிலா எதையும் மென்று தின்னக்கூடாது. மாவுப் பால், மோர், தெளிந்த சூப், இவ்வளவுதான். அப்போதுதான் கல்லீரல் சுருங்கி, கருவி உள்ளே போக வழி கிடைக்கும் என்றாள். பட்டினிக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், எங்கள் வீட்டு முன்னறையில் "ரெஜிலா பயம் நீக்கக் கூட்டம்" சிறப்பாகக் கூடியது. சபைச் செயலாளர் செல்வதாஸ் தலைமை. எந்தக் கூட்டத்துக்கும் ஒரு நீள நோட்டோடு வருகிறவர் அவர். பக்கத்து வீட்டு மளிகைக்கடை தாணுலிங்கம் சபையைச் சேர்ந்தவர் இல்லையென்றாலும், பயத்துக்கு மதம் கிடையாது என்பதால் வந்திருந்தார். எங்களுக்கு மீன் கொண்டுவருகிற தேங்காய்ப்பட்டணத்து செசிலி, கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

முதல் பயத்தை செசிலி எடுத்து வைத்தாள். "வயித்த வெட்டி எறிஞ்சா, திங்கிற சோறு எங்க போயி இருக்கும் பிள்ளே? நெஞ்சிலயா?"

"கொஞ்சமா திம்பேன் அக்கா. கொஞ்சம் இடம் போதும்" என்றாள் ரெஜிலா.

தாணுலிங்கம் தொண்டையைச் செருமினார். "எனக்க மச்சினனுக்க கூட்டுக்காரன் ஒருத்தன் இத செஞ்சான். இப்ப மெலிஞ்சு மெலிஞ்சு, ஆதார் கார்டுல இருக்க ஆளு நீ இல்லன்னு பேங்குல வெரட்டி விட்டாவ."

"அவருக்கு சுகரு?"

"அது இப்ப இல்ல. ஆனா பேங்குல அவமானப்பட்டானா இல்லியா?"

செல்வதாஸின் பயம்தான் தலையாயது. "வருசத்துக்கு ஒருக்க சபை மொத்தமும் ஒண்ணா உக்காந்து திங்கிறது அசனம். அந்தப் பந்தியில டீச்சரு ரெண்டு கை சோத்தோட எழும்பினா என்ன ஆகும்? கறி கொள்ளாது, ருசியில்லன்னு ஜனம் பேசும். சமையல் கமிட்டிக்கு அது தீராத களங்கம்."

எல்லாரும் தலையை ஆட்டினோம். ரெஜிலா மட்டும், "எனக்க கால் போனா அசனத்துக்கு யாரு தூக்கிட்டு வருவா?" என்று கேட்டாள். அது நிகழ்ச்சிநிரலில் இல்லாத கேள்வி என்பதால் செல்வதாஸ் குறித்துக்கொள்ளவில்லை.

இரண்டு தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறின. ஒன்று, ரெஜிலா பயப்படக்கூடாது. அவள் பயப்படவே இல்லை என்று சொன்னது பதிவாகவில்லை. இரண்டு, கத்திக்குப் போகிற பிள்ளையின் உடம்பைத் தேற்ற வேண்டியது ஊராரின் கடமை. ஆனால் டாக்டர் சொல்லை அணுவளவும் தட்டக்கூடாது. மெல்லுகிற சாமான் ஒன்றும் ஆகாது, குடிக்கிறது மட்டும்.

அடுத்த இரண்டு வாரமும் அந்தத் தீர்மானம் செயல்பட்ட ஒழுங்கை நான் எந்த அரசாங்கத்திலும் பார்த்ததில்லை. தாணுலிங்கம் வீட்டிலிருந்து சிறுபயறு பாயசம் வந்தது, பயறு நன்றாகக் கடைந்து. செல்வதாஸின் மனைவி சேமியா பாயசம் கொண்டுவந்தார். சேமியாவை வடிகட்டி எடுத்துவிட்டு, பாலும் சீனியும் நெய்யும் மட்டும். மிச்சமிருந்த சேமியாவை நான் தின்றேன். செசிலி தேங்காய்ப்பால் விட்ட மீன்சாறு கொண்டுவந்தாள், முள்கூட இல்லை. பெயர் தெரியாத சபையார் கொண்டுவந்த சர்பத்துக்கும் ஆட்டுக்கால் சூப்புக்கும் அளவே கிடையாது.

நான் தகப்பன், சும்மா இருக்கலாமா? ஏத்தன் வாழைக்காயைச் சீவி, காயவைத்து, பொடித்து, கருப்பட்டி சேர்த்து காலையிலும் மாலையிலும் கூழாகக் காய்ச்சிக் கொடுத்தேன். பால்குடி மறக்கிற பிள்ளைகளுக்கு எங்கள் பக்கத்தில் கொடுப்பது. மூன்றே மாதத்தில் பிள்ளை உருண்டு திரண்டு வரும். அவ்வளவு நல்ல சாமான்.

ரெஜிலா முதல் நாலு நாள் எதையும் தொடவில்லை. கரண்டியில் அளந்து மாவுப்பால் குடித்தாள். ஐந்தாம் நாள் செசிலி அழுதுவிட்டாள்.

"நான் மீன் விக்கிறவ. எனக்க கையால உள்ளது டீச்சருக்கு எறங்காதுல்லா?"

"அப்படியெல்லாம் இல்லக்கா..."

"பின்ன குடியும் பாப்போம்."

குடித்தாள். செசிலியினுடையதைக் குடித்தபின் தாணுலிங்கத்தினுடையதை எப்படி மறுப்பது? அதைக் குடித்தபின் சபைச் செயலாளர் வீட்டுப் பாயசத்தை? எங்கள் தெருவில் வேண்டாம் என்பது சாப்பாட்டைப் பற்றிய சொல் அல்ல, ஆளைப் பற்றியது.

குறித்த நாளில் டாக்டர் எடை பார்த்தான், வயிற்றை ஸ்கேன் எடுத்தான், ரத்தம் பார்த்தான்.

"நாலு கிலோ கூடியிருக்கு. கல்லீரல் வழிய மறைச்சிட்டு நிக்குது. சுகர் முன்னூத்தி எழுபது. இப்ப செய்ய முடியாது. அப்படி என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடல்ல டாக்டரே" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. "எல்லாம் குடிச்சதுதான்."

வரும் வழியெல்லாம் ரெஜிலா ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். அழுதாளா என்று எனக்குத் தெரியாது. காற்று பலமாக இருந்தது.

ஆபரேஷன் தள்ளிப்போனதற்கு மறுநாளே "நன்றி கூறும் கூட்டம்" நடந்தது. கத்தி விலகியதே என்று செல்வதாஸ் தழுதழுத்தார். இந்தத் தடவை திரவக் கட்டுப்பாடு நீங்கிவிட்டதால் ரசவடையும் முந்திரிக்கொத்தும் வந்திருந்தன. முதல் முந்திரிக்கொத்தை ரெஜிலாவின் கையில்தான் கொடுத்தார்கள். அவள் அதைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டு, தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். படிக்கிற பழக்கம் அதிகமாகிவிட்டால் மனிதருக்கு மரியாதை குறைந்துவிடும்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, பள்ளிக்கூடத்தில் ஏதோ பயிற்சி, மூன்று வாரம் மயிலாடியில் கூட வேலைபார்க்கிற சுபிதா வீட்டில் தங்கப் போகிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஆபரேஷனைக் கைவிட்டாயா என்று செல்வதாஸ் போனில் கேட்டதற்கு, ஆமாம் என்றாளாம். டீச்சர்மார் பொய் சொல்லமாட்டார்கள் என்று நாங்கள் நம்பினோம். இந்தக் காலத்தில் யாரை நம்புவது?

மூன்றாவது வாரம் போன் வந்தது. "அப்பா, நேத்து ஆபரேஷன் முடிஞ்சது. நல்லா இருக்கேன்."

"ஏட்டி, எனக்க ஒப்பு இல்லாம எப்படி செஞ்சான்?"

"சாட்சிக்கு சுபிதா போட்டா. மத்ததுக்கு எனக்க ஒப்பு போதும். வயிறு எனக்க வயிறுல்லா?"

உடனே அடுப்பைப் பற்றவைத்தேன். தேங்காயில் மூன்று பாலும் பிழிந்து, வெல்லம் உருக்கி, அரிசி அடையை மிக்ஸியில் ஒரு திப்பிகூட இல்லாமல் அடித்து, பிரதமன் வைத்தேன். சத்தியபாய்க்குக் கொண்டுபோன அதே தூக்குவாளி. துடைத்து, ஊற்றி, மூடிக்கொண்டு போனேன்.

அறைக்குள் நுழைந்தால், ரெஜிலா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். காலையில் வராந்தாவில் நாலு தடவை நடந்தாளாம். கையில், சபையில் திராட்சைரசம் தருகிற திருவிருந்துக் கிண்ணம் அளவுக்கு ஒரு குட்டிக் கிண்ணம். அதில் தண்ணீர். அதையும் கோழி குடிக்கிற மாதிரி தொட்டுத் தொட்டுக் குடிக்கிறாள். பெற்ற வயிறு இதைப் பார்க்கவேண்டாம் என்றுதான் சத்தியபாய் முன்னாலேயே போய்விட்டாள்.

மூடியைத் திறந்தேன். ஏலக்காய் வாசனை அறை முழுக்கப் பரவியது.

"குடிக்கிறதுதான மக்களே. ஒரு வாய்."

ரெஜிலா தூக்குவாளியைப் பார்த்தாள். பிறகு தலைமாட்டில் கிடந்த ஒரு தாளைத் திருப்பி, பேனாவை எடுத்து, வகுப்பில் கரும்பலகையில் எழுதுகிற மாதிரி நிறுத்தி நிறுத்தி எழுதினாள். எனக்குக் கேட்கும்படி வாசித்தாள்.

"'இந்தப் பிரதமனைக் குடித்து என் மகளுக்குத் தையல் விட்டாலோ, சர்க்கரை ஏறினாலோ, கால் போனாலோ, உயிர் போனாலோ அதற்கு நானே பொறுப்பு. இப்படிக்கு, ஞானதாசன்.' கீழ ஒப்பு போடுங்கப்பா. நான் குடிக்கேன்."

"இது என்ன வெளையாட்டு?"

"வெளையாட்டு இல்ல. டாக்டரு ஏழு பேப்பர் நீட்டினப்ப போட்டிய. இது ஒண்ணுதான். என்னெல்லாம் நடக்கும்னு உங்களுக்குத்தான் நல்லாத் தெரியுமே. நேருல பாத்ததுதான?"

பேனாவை வாங்கினேன். தாளைத் தொடையில் வைத்து 'ஞா' வரைக்கும் எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. பேனா சரியில்லை. ஆஸ்பத்திரிப் பேனாக்கள் எல்லாமே அப்படித்தான்.

"பாசத்துக்கு ஒப்பு கேக்குற காலமாப் போச்சு" என்று சொல்லி, தூக்குவாளியை மூடினேன். அவள் தடுக்கவில்லை. குட்டிக் கிண்ணத்தை எடுத்து இன்னொரு சொட்டு குடித்தாள்.

வெளியே வந்து நடந்தேன். இப்போதும் சொல்கிறேன், அந்த ஆபரேஷனில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆபத்து இல்லாத காரியம் என்றால் ஏழு இடத்தில் கையெழுத்து வாங்குவானா?

நாலு மாதம், தினம் ஒரு தூக்குவாளி நிறைய, சத்தியபாய்க்கு நான் கொண்டுபோனேன். ஒரே ஒரு கையெழுத்தாவது என்னிடம் யாரும் கேட்டதுண்டா?